உரைகல்

ஆடிப் பெருக்கு முடிந்த திங்கள்கிழமை
கல்லல் கூட்டுறவு வங்கியில்
டோக்கன் நாற்பத்தொன்று வரை போகிறது.
ஊர் உழவுக்கு இறங்கும் மாதம்
எனக்கு அறுப்பு.
கடன் ஒன்றுக்கு இவ்வளவு என்று கமிஷன்.
நகை மதிப்பீட்டாளர் என்ற பலகைக்குக் கீழே
ஒரு தராசு, அமிலக் குப்பி, கறுப்புக் கல்.
வேறு நிலம் எனக்கு இல்லை.

கண்மாய் பெருகியதா என்று
நான் கரையேறிப் பார்ப்பதில்லை.
மாசியில் பெட்டகத்திலிருந்து
எத்தனை பை வெளியே போகிறது என்று பார்ப்பேன்.
மறுகால் பாய்ந்த வருஷம்
அலமாரி, பல் விழுந்த வாய்.
அடுத்த வருஷம்
கதவை முழங்காலால் தள்ளி மூடினோம்.

கட்டடம் வாடகைக்கு.
தேக்குத் தூண் ஒவ்வொன்றும் ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் தடிமன்.
ஐராவதிக் கரையில் யாரோ நட்ட நெல்லுக்கு
இங்கிருந்து போன கடனின் வட்டி
தூணாகத் திரும்பி வந்து நிற்கிறது.
அதில் சாய்ந்துதான்
வரிசையில் பெண்கள் தூங்குகிறார்கள்.

எதிர்ச் சுவரில் சத்தமில்லாத தொலைக்காட்சி.
கோட்டுப் போட்டவர் ஒரு வட்டம் வரைந்து
சின்னத் துண்டுக்குப் பச்சை பூசுகிறார்:
நாட்டு வருமானத்தில் வேளாண்மை
ஏறக்குறைய ஆறில் ஒன்று.
ஆறில் ஒன்று
முன்பு அரசனுக்கு அளந்தது.
மிச்சம் ஐந்து களத்தில் கிடந்தது.

படிவப்படி இங்கே எல்லோரும் விவசாயி.
காரைக்குடியில் செல்போன் கடை வைத்திருக்கும் மெய்யரும்
இரண்டு ஏக்கர் சிட்டாவோடு விவசாயி.
வட்டி குறைவு.
அவர் நிலத்தில் நிற்பது கருவேலம்.
விளைவது என்ற கட்டத்தில்
நெல் என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

பதினேழாம் டோக்கன் சவரியம்மாள்.
உட்காரும் முன்பே கை கழுத்துக்குப் போய்விடும்.
ஒன்பதாவது வருஷம், அதே இரட்டை வடம்.
முதல் தடவை பதினாறு கிராம் இருநூறு மில்லி.
இன்று பதினாறு, நூற்றுப் பத்து.

"தொண்ணூறு எங்க போச்சு?"

தேய்மானம் என்றேன்.

"போட்டாத்தானே தேயும்?
வருஷத்துல நாலு மாசம்தான் என் கழுத்துல கெடக்கு.
எட்டு மாசம் ஒங்ககிட்டதானே இருக்கு."

மேனேஜர் சிரித்தார்.
நான் பேனாவுக்கு மூடி தேடினேன்.

போன மாசியில் அவள் நெல்
கொள்முதல் நிலையத்து வாசலில்
பன்னிரண்டு நாள் தார்ப்பாய்க்குள் கிடந்தது.
கருவி பத்தொன்பது காட்டியது.
பதினேழுக்கு மேல் எடுக்கமாட்டார்கள்.
அங்கே ஈரம் கழித்தார்கள்,
இங்கே நான் செம்பு கழிக்கிறேன்.

தங்கம் ஏறியிருக்கு, கூடுதலாகவே தரலாம் என்றேன்.

"நெல்லு ஏறலியே,
எத வச்சுத் திருப்புறது?"

விதைக்கு, டிராக்டருக்கு, ஒரு மூட்டை டி.ஏ.பி.க்கு
கணக்காகக் கேட்டாள்.
மீதியை வங்கியே வைத்துக்கொள்ளட்டும் என்பதுபோல்
எழுந்து
வெறுங்கழுத்தில் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஐந்து மணிக்குக் கல்லில் நாற்பத்தொரு கோடுகள்.
பாகனேரி, வெற்றியூர், கண்டரமாணிக்கம்.
ஊர்ப் பெயர் எழுதாத மஞ்சள் கோடுகள்,
உழவு சால் மாதிரி.
எல்லாம் சேர்த்து ஒரு விரலடி.

மெழுகு உருண்டையை அதன்மேல் ஒற்றி எடுப்பேன்.
கல் மறுபடி கறுப்பாகும்.
உருண்டை என் இழுப்பறையில்,
நெல்லிக்காய் அளவு.
எந்தப் பேரேட்டிலும் அதற்குத் தலைப்பு இல்லை.

போன தையில் உருக்கினேன்.
மகள் தோட்டுக்குத் திருகாணி.
ஒரு காதுக்குத்தான் தேறியது.

இந்த வருஷம் மழை பொய்த்தால்
மற்றதற்கும் ஆகும் என்று
மேகத்தைப் பார்த்துக்கொண்டே
சைக்கிளை மிதிக்கும்போது
நினைத்தேன்.